ஒரே தூக்கத்தில் ஆறும் காயம்

சிங்கப்பூர்
12.7.2009

அன்புள்ள எழிலுக்கு,

நான் நலம். சிதம்பரத்தில் நீயும் அத்தையும் நலமா? உன் இருமல் நின்றதா?

போன ஞாயிறன்று விஜயகுமார் அறையில் பகடை ஆட்டம். வீரர்களை உருவாக்கிக் கதையாக ஆடும் இதைக் கல்லூரியில் எனக்குக் கற்றுக்கொடுத்தவனே புதிய நான்காம் பதிப்புக்கு மாறிவிட்டான். அதில் ஓர் இரவு தூங்கினால் எல்லாக் காயமும் ஆறிவிடுமாம்.

"இதுல லேசுல சாவ மாட்ட மச்சான், ஜாலியா போவும்" என்கிறான். துரோகி! சாவு பயமே இல்லாத ஆட்டத்தில் வீரத்துக்கு என்ன வேலை? பாதியில் எழுந்து வந்துவிட்டேன். கவலைப்படாதே, சாப்பிட்டேன்.

என் பழைய விதிப்புத்தகத்தைப் பார்சலில் அனுப்பு, கொஞ்சம் ஊறுகாயும். நம் வீட்டு ஆட்டத்தில் முப்பது காலண்டர் தாள் கிழித்த பிறகுதானே காயம்பட்டவனை எழுப்புவோம்? நான் கிளம்பிய வாரம் குத்துப்பட்ட என் வீரனுக்கு அது எப்போதோ முடிந்திருக்கும். ஆனாலும் எழுப்பாதே. நான் வரும்வரை படுத்தே கிடக்கட்டும். நானே விதியை மீறுவதை விஜயகுமாரிடம் சொல்லிவிடாதே.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உன் தங்கராசு