இருபத்திரண்டாம் இடம்

ரெட்டியார்பாளையம்
3.3.2025

அன்புள்ள குழலிக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய், மெயில் போட்டாலும் பதில் இல்லை. உன் முத்தியால்பேட்டை விலாசம் கல்லூரி நாளிலிருந்தே மனப்பாடம் என்பதால் தபாலில் எழுதுகிறேன். ஊருக்குள்ளேயே போய்ச்சேர மூன்று நாள் ஆகும் என்றார்கள். உன் கோபம் கொஞ்சம் ஆற அந்த மூன்று நாள் உதவட்டும்.

செல்வி பிரசவத்துக்கு அரியாங்குப்பத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். சித்திரைக்கு முன்னால் ஆகிவிடும் என்கிறார் டாக்டர். இன்னொரு செய்தியும் உண்டு. இரண்டு வாரத்துக்கு முன்னால் நம் ஆபீஸில் சக்கரபாணி சார் எட்டுப் பேரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார். அதில் நானும் ஒருவன். இந்தமுறை பட்டியலை நான் போடவில்லை, சென்னையிலிருந்து வந்த ஒருவர் போட்டார்.

செல்வியிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் காலையில் அவளுக்குப் போன் செய்து ஆபீஸுக்குக் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறேன். வீட்டில் இருந்தால் கீழ் வீட்டுக்காரர் அவளிடம் சொல்லிவிடுவார்.

உன் சேதராப்பட்டு மாத்திரைக் கம்பெனியில் ஓர் இடம் காலி என்றும், ஆள் எடுப்பது நீதான் என்றும் கேள்விப்பட்டேன். ஒரு வார்த்தை சொல்லேன். பத்து வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நாம். நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே.

என்றும் உன் நண்பன்,
கலை


முத்தியால்பேட்டை
8.3.2025

கலைவாணனுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. அம்மா நலம். நானும் நலம், உன் தயவு இல்லாமலேயே.

நடந்தது என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டாய். எது நடந்தது என்று நான் எழுதுகிறேன், படி. போன அக்டோபரில் தண்ணீர் கேன் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இருபத்திரண்டு பேரின் பெயர், திறமை வரிசைப்படி. நான் மேலிருந்து படித்தேன். ஐந்துக்குள் இருப்பேன் என்று நினைத்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. பத்தைத் தாண்டியபோது காது சூடானது. கடைசி வரியில் என் பெயர். முதல் வரியில் உன் பெயர், தொண்ணூற்றொரு டிக்கெட். எனக்குப் பதினொன்று. பின்னால் தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் எல்லாம் சட்டென்று தாகம் தீர்ந்து போய்விட்டார்கள்.

நம் ஆபீஸ் வழக்கம் உனக்குத் தெரியும். புரோகிராமில் ஒரு பழுது என்றால் அதைச் சரிசெய்ய ஒரு டிக்கெட். யார் மாட்டிக்கொண்டாலும், "குழலி, கொஞ்சம் வந்துட்டு போயேன்" என்று கூப்பிடுவீர்கள். என் பச்சை ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காருவேன். எங்கே உடைந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வேன். கடைசிப் பொத்தானை நாற்காலிக்காரர் தட்டுவார், டிக்கெட் அவர் பெயரில் முடியும். யார் நாற்காலியோ அவர் பெயர் என்று விதி போட்டதே நீதான். உன் தொண்ணூற்றொன்றில் குறைந்தது அறுபது அந்த ஸ்டூலில்தான் முடிந்தது. அந்தக் கணக்கு ஊரில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி அந்தப் பட்டியலால் வேலையை இழந்து வெளியே போனாள், இன்னொருவன் வாயை மூடிக்கொண்டான்.

நம் இருபத்திரண்டு பேரில் யார் கெட்டிக்காரர் என்று என்னைக் கேட்டிருந்தால், என்ன உடைந்தது என்று முதலில் கேட்டிருப்பேன். அவசரம் என்றால் ஆனந்தராஜ். யாரோ எழுதிவிட்டுப் போன பழைய புரோகிராமைப் பொறுமையாக முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும் என்றால் நீ. ஆமாம், நீதான். அதைக்கூட அந்தப் பட்டியல் சொல்லவில்லை.

வேலைக்கு விண்ணப்பம் போடு. 22ஆம் தேதி சனிக்கிழமை பரீட்சை. கேள்வித்தாள் தயாரிப்பது நான். திருத்துவதும் நான்.

கார்குழலி


ரெட்டியார்பாளையம்
13.3.2025

அன்புள்ள குழலிக்கு,

விண்ணப்பம் போட்டுவிட்டேன். நீ திட்டியதை நான்குமுறை படித்தேன். திட்டுக்கு நடுவில் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுதியிருக்கிறாய், அதை ஐந்தாவது முறையும் படித்தேன்.

என் பக்கத்தையும் கேள். மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிட்டு, ஐந்து மணிக்குள் பட்டியல் வேண்டும் என்றார் சார். திறமையை அப்படி வரிசை போட முடியாது என்று சொன்னால், "அப்ப உனக்கு எதுக்குய்யா டீம் லீடர் வேல?" என்று கேட்டிருப்பார். டிக்கெட்டை எண்ணச் சொல்லிக் கம்ப்யூட்டரிடம் விட்டேன். உன் பெயர் கடைசியில் வந்ததைப் பார்த்தேன். திருத்தியிருக்கலாம். ஸ்டூலைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் என் பெயருக்கு நேரே இருந்த எண்ணையும் சொல்ல வேண்டியிருந்தது. பயந்துவிட்டேன். இதை நேரில் சொல்ல ஐந்து மாதமாக வழி தேடினேன், நீ வழி விடவில்லை.

நேற்று மாசி மகம். வழக்கமாக நான் உட்காரும் இடத்தில்கூட நிற்க முடியாத கூட்டம். செல்வியின் அத்தை என்னைப் பார்த்துவிட்டு, ஆபீஸ் லீவா என்று கேட்டார். லீவுதான் என்றேன். இந்தப் பொய்யை ரொம்ப நாள் சுமக்க முடியாது, குழலி. இந்த வேலை கிடைத்துவிட்டால் குழந்தை பிறக்கும் முன்னால் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
கலை


முத்தியால்பேட்டை
23.3.2025

அன்புள்ள கலைக்கு,

இப்போது எழுத வருகிறது பார், அன்புள்ள என்று.

நேற்று எங்கள் கம்பெனியில் தண்ணீர் கேன் பக்கத்தில் ஒட்டியிருந்த பரீட்சை முடிவுத் தாளை நீ படித்ததை நான் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நான்கே பெயர்தான். நீயும் மேலிருந்துதான் படித்தாய். கடைசிப் பெயருக்கு வந்ததும் பையின் வாரைச் சரிசெய்வதுபோலக் கொஞ்ச நேரம் நின்றாய். எனக்கு இனித்தது. ஐந்து மாதமாக இந்தக் காட்சியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன், அதைவிட நன்றாகவே இருந்தது.

ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். பெட்டிகளில் எண் அச்சடிக்கிற எங்கள் புரோகிராமை எடுத்து, அதில் பத்துப் பழுதுகளை நானே போட்டேன். இரண்டு மணி நேரம். சரிசெய்த பழுதுக்கு ஒரு மதிப்பெண், மற்ற எதற்கும் இல்லை. நீ நிதானமாக முதல் வரியிலிருந்து படிக்கிறவன் என்று தெரிந்தே அவசரக்காரர்களுக்கான பரீட்சை வைத்தேன். முதலாவதாக வந்த ஹரிகிருஷ்ணன் ஒன்பது சரிசெய்தார். நீ இரண்டு.

ஆனால் நீ ஒரு தாளில் பேனாவால் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தாய். இரண்டு இயந்திரங்கள் ஒரே நொடியில் அச்சடித்தால் இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே எண் விழும் என்று. அது நான் போட்ட பத்தில் இல்லை. எட்டு வாரத்துக்கு முன்னால் நானே எழுதி, எனக்கே தெரியாமல் போன பழுது. மற்ற மூன்று பேர் கண்ணில் படவில்லை. நான்கு பேரில் எங்களுக்கு வேண்டிய ஆள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பட்டியலைத் திருத்தவில்லை. கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டேன். பழுதை மட்டும் நேற்று மாலையே சரிசெய்தேன். அது என் பெயரில் பதிவானது. யார் நாற்காலியோ அவர் பெயர். உன் விதிதான்.

இதையெல்லாம் உன்னிடம் மறைத்திருக்கலாம். கடைசி இடத்தில் நிற்பவனுக்குத் தன் தகுதி தெரிந்திருந்தால் எவ்வளவு வலிக்கும் என்று உனக்கும் தெரிய வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன். இப்போது கணக்கு தீர்ந்தது. வேண்டுமானால் போன் செய். பிளாக்கை எடுத்துவிட்டேன்.

அன்புடன்,
குழலி


அரியாங்குப்பம்
29.3.2025

கார்குழலி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது.

வியாழக்கிழமை செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பையை மாட்டிக்கொண்டுதான் போனேன். அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்டூல், இரண்டு பட்டியல், கடற்கரை எல்லாம். கேட்டு முடித்துவிட்டு, "மொதல்ல அந்தப் பைய கீழ வைங்க, புள்ளையத் தூக்குங்க" என்றாள். அவள் அண்ணனின் கடையில் நாளை முதல் உட்காரப் போகிறேன்.

நான் செய்தது தப்பு. பயத்தில் செய்தேன். நீங்கள் பயப்பட ஒன்றுமே இல்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு செய்திருக்கிறீர்கள். இதில் யாருக்கு எந்த இடம் என்று வரிசை போடத் தெரிந்தவர் நீங்கள்தான், போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பச்சை ஸ்டூல் அந்த ஆபீஸிலேயே கிடந்தது. என் கடைசி நாளில் கேட்டு வாங்கி வந்தேன். வேலை கிடைத்ததும் கையில் கொண்டுவந்து கொடுத்து மன்னிப்புக் கேட்பதாக இருந்தேன். இந்தக் கடிதத்தோடு, அம்மாவாசை என்கிற டிரைவரின் லோடு ஆட்டோவில் அனுப்பியிருக்கிறேன். ஒரு கால் லேசாக ஆடும்.

கடைசியாக ஒன்று. உங்கள் புரோகிராமில் நான் எழுதிக் கொடுத்தது ஒரு பழுது. பார்த்தது இரண்டு. இரண்டாவதை எழுதத் தாளைத் திருப்பியபோது மணி அடித்துவிட்டது. யார் உயிருக்கும் ஆபத்தில்லாதது, அதனால்தான் சும்மா இருக்கிறேன். ஆனால் வெளியே வருகிற நாளில் அது உங்கள் பெயரில்தான் வரும். போன் செய்து கேட்க வேண்டாம், இன்று காலை உங்கள் எண்ணை பிளாக் செய்துவிட்டேன்.

முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தால் கிடைக்கும். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் உட்கார ஆள் வேண்டுமென்றால், முதலிடம் வந்தவரைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
மு. கலைவாணன்
நான்காம் இடம்