என் பெயர் சிவப்பு மையில்

குன்சான்
மே 6

அன்பு மகள் யோன்ஜூவுக்கு அம்மா எழுதுறது.

இங்க நான் சுகமா இருக்கேன். மாடிப்படி ஏறும்போது முட்டி மட்டும் முனகுது, மத்தபடி வாயும் வயிறும் நல்லாவே வேலை செய்யுது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பய ஜுன்னும் நல்லபடியா இருக்கணும், அதுதான் தினமும் நினைக்கிறது. டொராண்டோவுல இன்னும் குளிர் விடலன்னு சொன்னியே, காதை மூடாம வெளிய போகாதே. நெத்திலியும் கடல்பாசியும் மிளகாய்த்தூளும் பார்சல்ல போட்டாச்சு. தூளை வந்ததும் டப்பாவுக்கு மாத்து, போன தடவை மாதிரி பையோட விட்டுட்டு வண்டு வந்துடுச்சுன்னு என்கிட்ட அழாதே.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அன்னிக்கு போன்ல நீ சொன்னே, அம்மா, போனாப் போகுது, ஒரு மன்னிப்பக் கேட்டுட்டு விட்டுடுங்கன்னு. உன் அண்ணன் கிதேயும் அதையேதான் சொல்றான், அதுக்கு மேலயும் சொல்றான், வயசாச்சு, கதவைப் பூசிட்டு வகுப்பை மூடிட்டு சியோலுக்கு வந்துடுங்கங்கிறான். ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுத்தான் பேசுறீங்கன்னு எனக்குத் தெரியாதா. நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். போன்ல சொன்னா நடுவுல நடுவுல அம்மா அம்மான்னு மறிப்பே, அதான் காகிதத்துல எழுதுறேன், முழுசாப் படி. கிதே உனக்குச் சொன்னது பாதிதான், அதுவும் அவனுக்கு வசதியான பாதி.

பெற்றோர் தினம் வருதுன்னா பிள்ளைங்களுக்கான நம்ம கைவேலை வகுப்பு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும். கீழ கடையில கோழி வறுக்கிற வாசனை, மேல கோந்து வாசனை, தரையெல்லாம் காகிதத் துண்டு. எல்லாம் வெட்டி ஒட்டி ரெடியா வர்ற பெட்டி நான் வாங்குறதே இல்ல, முட்டை அட்டையும் சிவப்பு கிரேப் காகிதமும்தான், பெத்தவங்க நெஞ்சுல குத்திவிடுற நம்ம கார்னேஷன் பூவுக்கு. கோணல் மாணலா வந்தாலும் அது அந்தப் பிள்ளையோட பூ. பூவோட சேர்த்து ஒவ்வொருத்தரும் அப்பா அம்மாவுக்குச் சேவைக் கூப்பன் புத்தகம் ஒண்ணு செய்யணும். நீ சின்னதுல செஞ்சு குடுத்தியே, தோள் தட்டிவிடும் கூப்பன், குப்பை கொண்டுபோய் போடும் கூப்பன்னு, அதேதான். இந்த வருஷம் ஒருத்தன் தங்கச்சிகூடச் சண்டை போடாம இருக்க ஒரு கூப்பன் எழுதிட்டு, அடியில பொடியா அரை நாள் மட்டும்னு எழுதியிருந்தான். வியாபாரம் தெரிஞ்ச பய.

அந்தக் கூட்டத்துல நாரேன்னு ஒரு குட்டி, ஏழு வயசு. அதோட அம்மா மிரான் ஜோன்ஜூ நகரத்துல பெரிய ஆஸ்பத்திரியில படுத்திருக்கா, மூளையில கட்டி, ஆபரேஷன் எட்டாந்தேதி காலையில. ஆமா, பெற்றோர் தினத்தன்னிக்கேதான், டாக்டருக்கு அதெல்லாம் பார்க்க நேரம் ஏது. அப்பன் சாங்மோ லாரி ஓட்டிட்டு ஆஸ்பத்திரிக்கும் ஓடுறான், அதனால பிள்ளைய அவனோட அக்கா கும்ஜா பார்த்துக்குறா, சந்தையில கருவாட்டுக் கடை வச்சிருக்காளே, குரல் மட்டும் துறைமுகம் வரைக்கும் கேக்குமே, அவதான். நாரே தன் கூப்பன் புத்தகத்தை எவ்வளவு ஆசையாச் செஞ்சா தெரியுமா. அட்டையில அம்மா பேரை எழுதினா, மிரான்னு, கொட்டை எழுத்துல, டப்பாவுல இருக்கறதுலயே அழகான கிரேயானை எடுத்து. அது சிவப்பு. நான் பக்கத்துலதான் நின்னேன், பார்த்தேன், ஒண்ணும் சொல்லல. ஏன் சொல்லணும்? பிள்ளைக்குப் பிடிச்ச கலர், பிடிச்ச பேர்.

வீட்டுக்குக் கொண்டுபோய் அத்தைகிட்டக் காட்டியிருக்கு. உயிரோட இருக்கறவங்க பேரை சிவப்புல எழுதினா அவங்க செத்துப்போவாங்கன்னு நம்ம ஊர்ல பேச்சு இருக்கே, கும்ஜா அலறிட்டா. புத்தகத்தைச் சுக்கு நூறாக் கிழிச்சுப்போட்டு, பிள்ளையைப் பார்த்துக் கேட்டாளாம், ஏண்டி, உங்க அம்மாவை நீயே அனுப்பி வைக்கப் பாக்குறியான்னு. ஏழு வயசுப் பிள்ளைகிட்ட, யோன்ஜூ! அப்புறம் பீடை ஒழியட்டும்னு கல்லுப்பைக் கையில அள்ளிக்கிட்டு இங்க வந்து என் கதவுல வீசினா. ஏம்மா டீச்சர், உனக்கு வயசானதுக்குப் புத்தி வேணாமா, அபசகுனத்தைச் சொல்லிக் குடுக்குறதுக்கா காசு வாங்குறேன்னு தெருவே பார்க்கக் கத்தினா. நான் துடைப்பத்தை எடுத்து உப்பைக் கூட்டினேன். நல்ல கடல் உப்பு, வேணும்னா முட்டைக்கோஸ் ஊறவைக்க எடுத்துட்டுப் போன்னு சொன்னேன், அவளுக்கு இன்னும் கோவம் ஏறிப்போச்சு.

அதோட போயிருந்தா நானும் விட்டிருப்பேன். மறுநாள் நாரே வந்தா. செருப்பக் கழட்டாம வாசல்லயே நின்னா, முகம் வெளிறிப் போயிருந்துச்சு, காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலயாம். கிட்ட வந்து காதுல கேக்குறா, கிழிச்சுட்டா அது செல்லாதில்ல டீச்சர்னு. எதுடா கண்ணு செல்லாதுன்னு கேட்டா, அம்மா பேரு எழுதினது, கிழிச்சுட்டா அம்மா சாக மாட்டாங்கதானேங்கிறா. அப்படியே இழுத்து மடியில வச்சுக்கிட்டேன். நீ ஒண்ணும் பண்ணலடா, கிரேயான் வெறும் மெழுகுடான்னு எத்தனை விதமாச் சொன்னாலும் அது தலையை ஆட்டுதே தவிர கண்ணு நம்பல. சிவப்பு கிரேயானைப் பார்த்தாலே கையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்குது. நீயே யோசி, ஆபரேஷன்ல ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பிள்ளை ஆயுசு முழுக்க என்ன நினைச்சுக்கிட்டு வாழும்? என் கையாலதான் என் அம்மாவைக் கொன்னேன்னு நினைக்கும். கட்டியை டாக்டர் பார்த்துப்பார். இதை யார் பார்ப்பாங்க?

அதான் நான் எழுந்தேன். போஸ்டர் பெயின்ட் சிவப்பு டப்பாவைத் திறந்தேன், பெரிய பிரஷ்ஷா எடுத்தேன், எல்லாப் பிள்ளைகளும் பார்க்க வாசக்கதவுல என் பேரை எழுதினேன், தோ மல்-சுன்னு, கதவு முழுக்க. எல்லாம் கிரேயானைக் கீழ போட்டுட்டு எழுந்து வந்துடுச்சுங்க. ஒரு வாண்டு மட்டும் கைய உயர்த்தி, டீச்சர் நீங்க எப்ப சாவீங்கன்னு கேட்டுச்சு. தெரியலடா, சாயந்தரம் நூடுல்ஸ் சாப்பிட்டுட்டுப் பார்க்கலாம்னேன். நாரேகிட்டச் சொன்னேன், தினமும் வந்து நான் இருக்கேனா பாரு, இல்லாமப் போனா உன் அத்தை சொன்னது நிஜம், இருந்தா உன் டீச்சர் சொன்னது நிஜம், சரியான்னு. அன்னிலேருந்து பள்ளிக்கூடம் விட்டதும் படியேறி வந்து, கதவுக்கு வெளியவே நின்னு, டீச்சர் இருக்கீங்களான்னு குரல் குடுக்கும். இருக்கேன்டான்னா அப்புறம்தான் செருப்பக் கழட்டும். ஒருநாள் நான் கக்கூஸ்ல இருந்தேன், பதில் இல்லன்னதும் அது போட்ட கூச்சல்ல கோழிக்கடைக்காரர் வறுக்கிற கரண்டியோட மேல ஓடி வந்துட்டார். இருக்கேன்டா, உயிரோடதான் இருக்கேன்னு உள்ளேருந்தே நான் கத்த, மனுஷன் படியில உக்கார்ந்து சிரிச்ச சிரிப்பு இருக்கே!

இதுதான் ஊர்ல பெரிய குத்தமாயிடுச்சு. அம்மாமாருங்க குழுவுல செய்தி பறந்திருக்கு, அந்தக் கிழவிக்குப் புத்தி பிசகிடுச்சு, பிள்ளைங்கள அனுப்பாதீங்கன்னு. பாதிப் பிள்ளைங்களுக்கு மேல நின்னாச்சு. கதவைப் பூசி, கும்ஜா வீட்டு வாசல்ல போய்க் குனிஞ்சு மன்னிப்புக் கேட்டா திரும்ப அனுப்புவாங்களாம். நோயாளி இருக்கிற வீடு, அவங்க மனசு புண்படக் கூடாதில்லையான்னு நீயும்தான் கேட்டே. புண்பட்ட மனசு யாரோடதுன்னு நீ பார்க்கல. கும்ஜாவோட பயம் எனக்குப் புரியாம இல்ல, தம்பி பொண்டாட்டின்னாலும் மிரான் மேல அவளுக்கு உசுரு, கடையை மூடிட்டுக் கோயில் கோயிலாப் போறா. பயப்படட்டும். ஆனா தன் பயத்தைத் தூக்கி ஒரு பிள்ளை தலையில வச்சா அதை நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா? மாட்டேன். ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் கதவைத் திறப்பேன், பேரு அதுல இருக்கத்தான் செய்யும்.

உனக்கு ஒண்ணு ஞாபகப்படுத்துறேன். நீ ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது நோட்டுல சிவப்புப் பேனாவுல அம்மா அப்பான்னு எங்க பேரை எழுதினே, உன் அப்பா அந்தப் பேனாவைப் பிடுங்கி ஜன்னல் வழியா வீசினார். அதுக்கப்புறம் நம்ம வீட்ல சிவப்புப் பேனாவே கிடையாது. அவர் பேரை எப்பவும் கறுப்புலதான் எழுதினோம், பேங்க்குல கறுப்பு, ஆஸ்பத்திரியில கறுப்பு, கட்டில் தலைமாட்டுச் சீட்டுலயும் கறுப்பு. அவர் போகலையா? எவ்வளவு நல்லா கறுப்புல எழுதியிருந்தோம், யோன்ஜூ. போயிட்டாரே.

இனி கிதே உனக்குச் சொல்லாத பாதி. அவனுக்கே தெரியாது. சாங்மோ ஆஸ்பத்திரியில மிரான்கிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கான். முந்தாநாள் என் போனுக்கு ஒரு படம் வந்துச்சு. மொட்டையடிச்ச தலை, ஊசி குத்தின கை, அந்த உள்ளங்கையில லிப்ஸ்டிக்கால மிரான்னு எழுதியிருக்கு, நல்ல சிவப்புல. கூடவே ஒரு சேதி. டீச்சர், இதை என் பொண்ணுகிட்டக் காட்டுங்க, எனக்கும் பயமாத்தான் இருக்கு, ஆனா அது டாக்டர் கத்தியைப் பார்த்து, என் பொண்ணு கிரேயானைப் பார்த்து இல்லன்னு. நான் படிச்சுட்டு சமையல்கட்டுல நின்னு அழுதேன், மறைக்க என்ன இருக்கு.

நாரேகிட்டப் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தா. அம்மாவேவா எழுதினாங்கன்னு கேட்டா. அம்மாவேதான்னேன். அப்புறம் வெள்ளை அட்டையை மட்டும் முன்னாடி வச்சுட்டு வேற பிள்ளைக்குக் கோந்து ஊத்தப் போயிட்டேன். திரும்பிப் பார்த்தா நாக்கைக் கடிச்சுக்கிட்டு எழுதிட்டிருக்கா, சிவப்பு கிரேயானாலதான். பழசை விடப் பெரிசா எழுதிட்டா. உள்ள தோள் தட்டும் கூப்பன், பாட்டுப் பாடும் கூப்பன், அம்மாவுக்கு முடி வளர்ந்ததும் பின்னிவிடும் கூப்பன். அம்மா வர்ற வரைக்கும் அழாம இருக்கும் கூப்பன்னு ஒண்ணு எழுதினா, கொஞ்ச நேரம் யோசிச்சா, இது என்னால முடியாது டீச்சர்னு அவளே அடிச்சுட்டா. எது வரைக்கும் செல்லும்னு எழுதணுமேன்னு கேட்டேன். அம்மா முடி வெள்ளையாகுற வரைக்கும்னு எழுதினா.

நேத்து கும்ஜா மறுபடி வந்தா. உப்பு இல்ல, வெறுங்கை. படிக்குக் கீழயே நின்னு, எட்டாந்தேதி ஏதாவது ஆச்சுன்னா உன் கதவு முன்னாடிதான் உக்கார்ந்து அழுவேன்னு சொன்னா. வா, சேர்ந்தே அழுவோம், சோறும் போடுறேன், ஆனா அந்தப் பிள்ளை காது கேக்க ஒரு வார்த்தை பேசினே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்னேன். திரும்பி நடந்துட்டா. நாளைக்கு நானும் நாரேயும் பஸ்ல ஜோன்ஜூ போறோம், புத்தகத்தையும் பூவையும் எடுத்துக்கிட்டு. வார்டுக்குள்ள பிள்ளைய விடலன்னா சாங்மோகிட்டக் குடுத்தனுப்பிட்டு வாசல்ல நின்னு ஜன்னலைப் பார்த்துக் கை ஆட்டுவோம். பழமும் கடல்பாசியில சுருட்டின கிம்பாப் சோறும் கட்டி வச்சாச்சு.

இந்தக் கடிதம் உன் கையில சேரும்போது நடக்க வேண்டியது நடந்து முடிஞ்சிருக்கும். அது எப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது, அதனாலதான் இன்னிக்கே எழுதுறேன். நல்லா முடிஞ்சப்புறம் நெஞ்ச நிமித்திக்கிட்டு எழுத யாராலயும் முடியும். மிரான் பொழைச்சாலும் சரி, அந்தக் கடவுள் வேற விதமா நினைச்சாலும் சரி, அந்தப் பிள்ளை கைமேல பழி விழாது. நான் இருக்கிற வரைக்கும் விழ விட மாட்டேன். சிவப்புல பேர் எழுதியும் சாகாத ஒருத்தி ஊர்ல இருக்கா, வந்து பார்த்துக்கோன்னு அது யார்கிட்ட வேணாலும் சொல்லட்டும். அதுக்காகவாவது கொஞ்ச வருஷம் நான் இருந்தாகணும், மாத்திரையெல்லாம் ஒழுங்காச் சாப்பிடுறேன்.

நீங்க மூணு பேரும் நோய்நொடி இல்லாம, வயிறு நிறையச் சாப்பிட்டு, நிம்மதியாத் தூங்கி எழுந்து இருங்க, அம்மாவோட ஆசீர்வாதம் எப்பவும் உண்டு. ஜுன்னை அதட்டாதே. இன்னொண்ணு, வருஷா வருஷம் கடைக்காரன் கையால அனுப்புறியே பூக்கூடை, அது இனிமே வேணாம். ஜுன்னைப் பக்கத்துல உக்கார வச்சு உன் கையால ஒரு கூப்பன் புத்தகம் செஞ்சு அனுப்பு. அட்டையில என் பேரை சிவப்புல எழுது, கறுப்புல வந்தா திருப்பி அனுப்பிடுவேன். எழுதும்போது உனக்குக் கை நடுங்கும், எனக்குத் தெரியும். நடுங்கினா எனக்கு போன் பண்ணு. இருக்கேன்டான்னு சொல்றேன், அப்புறம் எழுது.

கீழ கையெழுத்தைப் பார்த்துப் பயந்துடாதே. இதுக்குன்னே கடைக்குப் போய் வாங்கின பேனா, நல்லா எழுதுது.

சிவப்பு மையில்,
உயிரோட இருக்கும் உன் அம்மா,
தோ மல்-சுன்