எலுமிச்சை அரித்த செயின்சா

உலு திராம்
2.8.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் நீங்கள் சத்தம் போடுகிறீர்கள், நான் வைத்துவிடுகிறேன். பிறகு இரண்டு வீட்டிலும் சோறு இறங்குவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா மரம் அறுத்த செயின்சாவை உங்கள் ஊர் சுப்ஹானின் லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். வீடு மாறுவதற்காகச் சாமி அறையிலிருந்து தூக்கியபோது அடியிலிருந்து வெள்ளையாக மாவு கொட்டியது. தொட்டுப் பார்த்தால் ஓட்டை. உங்களைவிட்டால் இதைப் பார்க்க ஆள் இல்லை. அது ஓட வேண்டாம் அண்ணா. மேற்கொண்டு உதிராமல் இருந்தால் போதும். ஆயுத பூஜைக்குள் திரும்பி வந்துவிட்டால் நல்லது.

உங்கள் தம்பி,
திருச்செல்வம்


காஹாங்
12.8.2025

திருச்செல்வத்துக்கு,

வந்து சேர்ந்தது. சுப்ஹான் இறக்கும்போதே, "என்ன அங்கிள், செத்த ஆமையை ஏத்தி விட்டுட்டாங்களா?" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரித்துப் பார்த்தேன். கார்பரேட்டருக்குள் பழைய பெட்ரோல் குலா மலாக்கா வெல்லப் பாகுபோல உறைந்து கிடக்கிறது. அதை வழித்துவிடலாம். ஓட்டை அப்படி இல்லை. அந்தக் காலத்துச் செயின்சாவின் உடம்பு மக்னீசிய வார்ப்பு. புளிப்பு பட்டால் அரித்துவிடும். நீ ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் எலுமிச்சம்பழத்தை அறுத்து, குங்குமம் தடவி, கைப்பிடிக்கு அடியில் செருகியிருக்கிறாய். செருகியதை எடுக்கவும் இல்லை. காய்ந்த தோல் இன்னும் உள்ளே இருந்தது. முப்பது வருஷம் கும்பிட்டுக் கும்பிட்டே அதைக் கொன்றிருக்கிறாய்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சாய்த்த காலமெல்லாம் கூட நின்று ஆப்பு அடித்தவன் நான். பெட்ரோல் டின் தூக்கியவன் நான், அவர் களைத்தால் வாங்கி அறுத்தவன் நான். நீ பள்ளிக்கூடம் போனாய், அப்புறம் சிங்கப்பூர் வேலைக்குப் போனாய். கடைசியில் செயின்சா உனக்கு. ஏன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அவரிடம் போய்க் கேட்கவில்லை. என்னிடம் இருந்திருந்தால் அதற்குப் பூ விழுந்திருக்காது, மரம் விழுந்திருக்கும்.

இதே மாதிரி உடைந்த செயின்சா ஒன்று குளுவாங்கில் ஒரு சீனரின் பழைய இரும்புக் கடையில் கிடக்கிறது. அதன் உடம்பைக் கழற்றி இதற்கு மாட்டப் போகிறேன். அரைகுறை வேலை எனக்குப் பழக்கமில்லை.

காளிதாஸ்


உலு திராம்
20.8.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் செல்வராணியிடம் படித்துக் காட்டினேன். பழத்தை அறுத்து வைத்தது அவள்தான். முதலில் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க அண்ணன் எலுமிச்சம்பழத்து மேலயும் கேஸ் போடுவாரு லா" என்றாள். தெரியாமல் செய்தது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஓட்டையை அடைத்தால் போதும். அதை ஓட வைக்க வேண்டாம். காரணம் கேட்காதீர்கள்.

திருச்செல்வம்


காஹாங்
6.9.2025

திருச்செல்வத்துக்கு,

நேற்று ஓடியது.

உடம்பை மாற்றி, பிஸ்டன் வளையம் மாற்றி, புது பிளக் போட்டேன். கயிற்றை இழுத்ததும் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. கொல்லையில் சாய்ந்து கிடந்த டுரியான் மரத்தில் வைத்தேன். தேங்காய் துருவுவதுபோலத் தூள் பறந்தது. உன் அண்ணி காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, "மாமா செத்து இவ்வளவு வருஷம் கழிச்சி திரும்ப வந்து கத்துறாரு" என்றாள்.

ஓட வேண்டாமாம், காரணம் கேட்கக் கூடாதாம். நீ யார் எனக்குச் சட்டம் போட? நீ இதை வைத்திருந்த லட்சணத்தைத்தான் பார்த்தேனே. இதை நான் திருப்பி அனுப்பப் போவதில்லை. உயிர் கொடுத்தவன் கையில் இருக்கட்டும். அப்பா உனக்குத்தான் கொடுத்தார் என்பாய். கொடுத்தார். தப்பாகக் கொடுத்தார்.

பூஜைக்கு வேறு எதையாவது வைத்துக்கொள். அரிவாள்மனை வை.

காளிதாஸ்


உலு திராம்
13.9.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சொல்லவே கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன்.

அப்பா வேலையை விட்ட வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். செயின்சா அதிர்ந்து அதிர்ந்தே விரலெல்லாம் வெளுத்து, மரத்து, சட்டைப் பொத்தான்கூடப் போட வரவில்லை. அம்மாதான் ஊட்டினார். ஒருநாள் நீங்கள் காட்டுக்குப் போயிருந்தபோது என்னைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"பெரியவன் கோப்பிக் குவளைய ரெண்டு கையால புடிச்சிக் குடிக்கிறான், பாத்தியாடா? எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சிச்சி. இது அவன்கிட்ட இருந்தா நிறுத்த மாட்டான். நீ கொண்டுபோ. ஒருநாளும் ஓட்டாத."

"அண்ணன்கிட்ட நீங்களே சொல்லலாமே?" என்றேன்.

"சொன்னா வீம்புக்கு ரெண்டு மரம் கூட அறுப்பான்" என்றார்.

ஓட்டாமல் எப்படி வைத்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை, அண்ணா. சாமி அறையில் வைத்தேன். அங்கே வைத்தால் யாரும் தொட மாட்டார்கள் இல்லையா.

இப்போது நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்க மாட்டேன். ஆனால் அப்பாவிடம் நான் ஒத்துக்கொண்டது இன்றோடு போயிற்று.

உங்கள் தம்பி,
திருச்செல்வம்


காஹாங்
20.9.2025

தம்பி திருச்செல்வத்துக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. உன் அண்ணி இரண்டு முறை வாசித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்பா போட்ட கணக்கு எப்படி முடிந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். செயின்சா உனக்குப் போனது. அடுத்த மாதமே நான் வேறொன்று வாங்கினேன். அதில் மரம் சாய்த்தேன், தோட்டத்தில் பால்மரமெல்லாம் போய் எண்ணெய்க்குச் செம்பனை நடும்வரை. அவரிடம் அதைக் காட்டவே அவர் வாசல் வழியாகத் தோளில் வைத்துக்கொண்டு போவேன். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன்.

இந்த மாதம் அது ஓடிய அன்றைக்குக் கயிற்றை இழுத்தது சுப்ஹான். எனக்குக் கையில் பிடிப்பு இல்லை. மரத்தில் வைத்தது நான்தான், கொஞ்ச நேரம். அதற்கே இரவு சாப்பிடும்போது சோற்றை உருட்ட வரவில்லை. கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன். இது இன்று நேற்று வந்ததில்லை. உன் அண்ணிக்குத் தெரியும். வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன், சொல்லியாயிற்று.

ஓட வைத்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பழுது என்று வந்தால் பழுது பார்ப்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பெட்ரோலை வடித்துவிட்டேன், சங்கிலியைக் கழற்றித் துணியில் சுற்றிவிட்டேன். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போ. சுப்ஹானை அனுப்பாதே, நீயே வா. மேசையிலிருந்து அதைத் தூக்கி உன் காரில் வைக்க என்னால் ஆகாது. செல்வராணியையும் கூட்டிவா. மத்தியானம் இங்கே சாப்பிட்டுப் போகலாம் என்று உன் அண்ணி சொல்கிறாள்.

அப்பா சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன்தான். ஆனாலும் என்னிடம் சொல்லியிருக்கலாம்.

அண்ணன்