எரிமலை மேல் போட்ட வழக்கு

மார்ச் 3, திங்கள்

வரைபடம் முடிந்தது. சுவரில் ஒட்டிவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நம்மை நாமே மெச்சிக்கொள்ளக் கூடாது என்பார்கள். இதை மெச்சாமல் எப்படி இருப்பது?

ஓர் ஆள் உயரக் குழாய். அதற்குள் ஏரியின் ஆழத்தில் லட்சம் வருஷமாகப் படிந்த சேறு. பூமி சூடாக இருந்த காலத்தில் ஏரியில் பாசி செழித்து, சேறு பச்சையாகப் படியும். பனிக்காலத்தில் வெறும் சாம்பல் நிறக் களிமண். என் குழாயைக் கீழிருந்து மேலே படித்தால் மெல்ல மெல்லச் சூடு ஏறுகிறது, உச்சத்தைத் தொடுகிறது. அங்கே ஓர் எரிமலைச் சாம்பல் அடுக்கு. அதைத் தாண்டிக் கொஞ்சம் பச்சை, பிறகு சட்டென்று களிமண். எரிமலை வெடித்தது, தூசி வெயிலை மறைத்தது, பனிக்காலம் வந்தது. குற்றவாளி கையும் களவுமாக மாட்டிக்கொண்டான்!

அடுத்த மாதம் நிறுவனத்தில் உரை. அதைக் கேட்டபிறகுதான் பெரிய ஏரியில் புதுக் குழாய்கள் இறக்கிச் சேறு எடுக்கப் போகும் படகுக்கு யார் தலைவர் என்று இயக்குநர் முடிவு செய்வார். எனக்கு அந்தப் படகு வேண்டும். வேறு யாருக்கும் அதை விட்டுக்கொடுக்கிற உத்தேசம் இல்லை.

மார்ச் 5

போட்டிக்கு இருக்கிற இன்னொருவர் பக்கத்து அறை ஆய்வாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சந்தேகம். காபி சூடாக இருக்கிறது என்றால்கூட, “எதை வெச்சு சொல்றீங்க?” என்று கேட்கிற பிறவி.

இன்று என் வரைபடத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

“எரிமலைத் தூசி ரெண்டு மூணு வருஷத்துல அடங்கிடும். அடுத்து வர்ற ஆயிரக்கணக்கான வருஷக் குளிரை ஒரே வெடிப்பு எப்படிக் கொண்டு வரும்? அதுவுமில்லாம, மத்த எல்லா இடத்துலயும் குளிர் மெதுவா வரும், சூடுதான் சீக்கிரமா ஏறும். உங்களோடது மட்டும் ஏன் மாறி இருக்கு?”

“எங்க ஏரியோட குணம் அப்படி, சார்” என்றேன். சாம்பல் அடுக்கை இன்னொரு முறை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார். வயிற்றெரிச்சல், வேறென்ன.

மார்ச் 9, ஞாயிறு

மாடியில் குடியிருக்கும் நாத்தனார் இறங்கி வந்தாள். இன்ஷூரன்ஸ் விற்கிறவள், வாயால் பிழைக்கிறவள். நான் அடுப்படியில் தக்காளியும் குச்சியுமாகப் பாடம் நடத்தினேன். பூமி சூரியனைச் சுற்றும் பாதை ஒரு காலத்தில் வட்டமாக இருக்கும், இன்னொரு காலத்தில் கொஞ்சம் நீண்டுபோகும். பூமி சாய்ந்திருக்கும் சாய்வு கூடும், குறையும். வேகம் தணிந்த பம்பரம் மாதிரி தலையையும் ஆட்டும். இதனால் எந்தப் பக்கத்துக்கு எப்போது எவ்வளவு வெயில் என்பது மாறுகிறது. பனிக்காலங்கள் வருவதும் போவதும் அப்படித்தான்.

“அப்ப இப்ப சூடாகுறதும் தானா நடக்குறதுதானே அண்ணி? நாம ஏன் குத்தவாளி மாதிரி முழிக்கணும்?”

ஓர் அரிசியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். “இயற்கைக்குச் சூடாக்கவும் தெரியும், ஆறவைக்கவும் தெரியும். ஆனா நிதானமா செய்யும். நாம கரியும் எண்ணெயும் எரிச்ச காலத்துக்கு என் குழாய்ல இந்த அரிசி நீளம்கூட இடம் கிடைக்காது. அதுக்குள்ள இவ்வளவு சூடு ஏத்திட்டோம். பூமி தலையாட்டுறது இந்த வேகத்துல நடக்காது.”

வாயை அடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவளா விடுவாள்?

“இயற்கை நிதானம்ங்கறீங்க. போன வாரம் ஒரே எரிமலை வெடிச்சுப் பனிக்காலமே வந்துச்சுன்னீங்க. ரெண்டுல எது அண்ணி நிஜம்?”

சாம்பார் தீய்கிறது என்று எழுந்துகொண்டேன். அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

மார்ச் 12

சந்தேகமும் நாத்தனாரும் பேசிவைத்துக்கொண்டு வருகிறார்களா?

மார்ச் 14

இரண்டு பேர் வாயையும் ஒரே படத்தில் மூடப் போகிறேன். திங்களன்று அந்தச் சாம்பல் அடுக்கை மெல்லிய துண்டாக வெட்டி, நுண்ணோக்கியில் பெரிதாக்கிப் படமெடுத்து, உரையில் முதல் படமாகப் போடுவேன். குற்றவாளியின் முகத்தை எல்லோரும் பார்க்கட்டும்.

மார்ச் 17, திங்கள்

ஐயோ.

தண்ணிக்குள்ள எதைப் போட்டாலும் கனமானதுதான் முதல்ல அடியில போய் உக்காரும். மாவு மாதிரி இருக்கறது மெதுவா வந்து அது மேல படியும். சாம்பலும் அப்படித்தான். அடியில பருக்கை, மேல மாவு. நான் வெட்டினதுல பருக்கை மேல இருக்கு. மாவு கீழ இருக்கு.

கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதே குழாயில் வேறு இடங்களில் இருந்த மணல் அடுக்குகளையும் வெட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட எனக்காக மனமிரங்கவில்லை.

குழாய் தலைகீழா இருக்கு.

சிவப்பு மூடி மேல்பக்கம், வெள்ளை மூடி கீழ்ப்பக்கம். குழாய்களைப் புதுக் குளிர் அறைக்கு மாற்றியபோது பழைய மூடிகள் விரிந்துபோயிருந்தன. கழற்றிப் புது மூடி மாட்டினது யாரு? நானேதான். பாட்டு முணுமுணுத்துக்கிட்டே சிவப்பையும் வெள்ளையையும் மாத்தி மாட்டியிருக்கேன்!

மார்ச் 18

யாருக்கும் தெரியாது. சாம்பலைப் பெரிதாக்கிப் பார்க்கிற பொறுமை இயக்குநருக்குக் கிடையாது. உரை முடிகிற வரை வாயைத் திறக்காமல் இருந்தால் படகு எனக்கு. பிறகு மெதுவாகத் “திருத்தம்” என்று ஒன்று வெளியிடலாம் – சீச்சீ, என்ன எழுதுகிறேன்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பிளம்பர். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் குழாயில்தான் பிழைப்பு.

“நானும் ஒரு தடவ வால்வைத் திருப்பி மாட்டிட்டேன். அம்புக்குறி போட்டே இருந்துச்சு, நான்தான் பாக்கல. ஒரு கட்டடத்துக்கே தண்ணி ஏறல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? போய்ச் சொல்லிட்டுக் கழட்டி மாட்டினேன். தண்ணி வரணும்ல?”

போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, அவர் இவ்வளவு சுலபமாகச் சொன்னதற்கு.

மார்ச் 19

வரைபடத்தைச் சுவரிலிருந்து பிய்த்து, திருப்பி வரைந்தேன்.

முதலில் களிமண், கடுங்குளிர். பிறகு சூடு விறுவிறுவென்று ஏறுகிறது. பச்சை. அதற்குப் பின் எரிமலை வெடிக்கிறது. வெடித்து? ஒன்றுமே இல்லை. சாம்பலுக்கு மேலும் அதே பச்சை. அதன்பின் பல்லாயிரம் வருஷம் குளிர் படிப்படியாகக் கூடுகிறது, பூமியின் சாய்வுக்கும் தலையாட்டலுக்கும் ஏற்றபடி. எரிமலை இரண்டொரு வருஷம் வெயிலை மறைத்து மிரட்டிவிட்டுப் போயிருக்கும். என் சேற்றில் அந்தக் குளிர் ஒரு கோடாகக்கூட விழவில்லை.

நிரபராதி மேல் பொய் வழக்குப் போட்டிருக்கிறேன்.

ஆனால் – எனக்கே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன் – இந்த வரைபடம் முந்தையதைவிட அழகு.

மார்ச் 20

சந்தேகத்திடம் முதலில் சொன்னேன். சிரிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“எதை வெச்சு சொல்றீங்க?” என்றார்.

நுண்ணோக்கியைக் காட்டினேன். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். “இது நிஜமாவே தலைகீழாதான் இருக்கு. எனக்கு இது தோணல” என்றார். அவர் குரலில் கேலி இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

உரை. குழாயையே மேடைக்குக் கொண்டுபோனேன். பழைய வரைபடத்தைக் காட்டி முடித்து, குழாயைத் தூக்கித் திருப்பி நிறுத்தி, “மன்னிக்கணும், இப்பத்தான் இது நேரா நிக்குது” என்றேன். அரங்கமே சிரித்தது. இயக்குநர் சிரிக்கவில்லை. பிறகு புது வரைபடத்தைப் போட்டேன். சிரிப்பு நின்று எல்லோரும் எழுத ஆரம்பித்தார்கள். நன்றாகவே பேசினேன்.

கடைசி வரிசையில் நாத்தனார். அவளுக்கு யார் அழைப்புக் கொடுத்தது? வெளியே வந்ததும் காதில் சொன்னாள்: “எரிமலை விஷயம் நான் அன்னைக்கே கேட்டேன்.”

ஏப்ரல் 10

படகுக்குத் தலைவர், சந்தேகம்.

அழுதேன். முகம் கழுவினேன். ஒளித்து வைத்திருந்தால் கிடைத்திருக்கும் என்று இன்னும் தோன்றுகிறது. கிடைத்திருந்தால் அந்தப் படகில் எந்த மூஞ்சியோடு நிற்பது என்றும் தோன்றுகிறது.

ஏப்ரல் 11

சந்தேகம் என் அறைக் கதவைத் தட்டி உள்ளே வந்தார். “நீங்க வரலேன்னா நான் போகலன்னு இயக்குநர்கிட்ட சொல்லிட்டேன்.” நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன்.

ஜூன் 21, படகில்

ஏரி பாத்திரத்தில் ஊற்றிவைத்த எண்ணெய் மாதிரி அசையாமல் கிடக்கிறது. முதல் குழாய் சொட்டச் சொட்ட மேலே வந்தது. தலைவர் கையில் அட்டையும் பேனாவும், என் கையில் சிவப்புப் பெயின்ட்.

“எது மேல்பக்கம்?”

“இது.”

பெரிதாக ஓர் அம்புக்குறி போட்டேன். “சரி” என்று எழுதிக்கொண்டு அடுத்த வேலைக்குத் திரும்பிவிட்டார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கவே இல்லை.

அவர் கேட்காததால் நானே குனிந்து இன்னொரு முறை பார்த்தேன்.