பிள்ளைகளை அந்தப் படத்துக்குக் கூட்டிப் போகலாமா, ஹெப்சி?

என் ஹெப்சிக்கு,

நீ இல்லாத ஒரு கிறிஸ்துமஸ் போய், அடுத்தது வரப்போகிறது. கடைகளில் ஸ்டார் தொங்கவிட ஆரம்பித்துவிட்டார்கள். நம் ரூத் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். என்னைவிட நன்றாகத் தோசை ஊற்றுகிறாள், அதை எனக்குத் தினமும் சொல்லிக்காட்டவும் செய்கிறாள். ஒத்தக்கடையில் நம் தெருவுக்கு ஒருவழியாகத் தார் போட்டார்கள். போட்ட கையோடு குழாய் பதிக்கிறோம் என்று தோண்டியும் விட்டார்கள். நீ இருந்திருந்தால் குடையை ஊன்றிக்கொண்டு கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பாய்.

இறந்தவர்களோடு பேசுவது நம் சபையில் வழக்கம் இல்லை. எனக்கும் தெரியும். இது பேச்சு இல்லை, கடிதம். பதில் எதுவும் எதிர்பார்க்கவில்லை. யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்லிச் சமாளிக்கப் போகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் வேலை ஒன்று என் தலையில் விழுந்துவிட்டது. நீ ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்த காலத்தில், குடும்பப் படம் என்று எது வந்தாலும் சபை அம்மாக்கள் உன்னைத்தான் கேட்பார்கள். நீயும் சனிக்கிழமை மேட்னிக்குத் தனியாகப் போய் முதலில் பார்த்துவிட்டு வருவாய். வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் உன் குரல் ஓடும்.

"இடைவேளைக்கு அப்பறம் ஒரு குத்துப்பாட்டு வரும். மியூசிக் ஆரம்பிச்சதுமே பிள்ளைகளப் பாப்கார்ன் வாங்கக் கூட்டிட்டுப் போயிருங்க. பாட்டு முடியவும் க்யூ முடியவும் சரியா இருக்கும்."

போஸ்டரில் குடும்பப் படம் என்று போட்டுவிட்டால் உனக்குப் போதாது. ஆனால் மற்றவர்கள் பதறும் இடத்தில் நீ பதறவும் மாட்டாய். கோயில் திருவிழாக் காட்சி இருக்கிறதே, பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று ஒருத்தி கேட்டபோது, "பக்கத்து வீட்ல தெனம் மணி அடிக்குது, காதப் பொத்திக்கிட்டா இருக்கோம்?" என்று கேட்டாய். குடிகாரன் விழுந்து புரண்டு எல்லாரையும் சிரிக்க வைக்கும் படத்துக்கு மட்டும் பிள்ளைகளைக் கூட்டிப் போகவே கூடாது என்றாய். பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க முடியாத பிள்ளை ஒன்று நம் வகுப்பிலேயே இருக்கும் என்றாய். யார் அந்தப் பிள்ளை என்று நீ கடைசிவரை சொல்லவில்லை.

இந்த வருஷம் சிறுவர் ஞாயிறு முடிந்ததும் பிள்ளைகளை ஒரு படத்துக்குக் கூட்டிப் போவதாகப் பேச்சு. செல்லூர் கலா எனக்கு போன் போட்டாள். அவள் பிள்ளைகள் இரண்டும் உன் வகுப்பில் படித்தவைதானே.

"ஸ்தோத்திரம்ணே. அக்கா இருந்தா அவுகளக் கேப்போம். இப்ப நீங்கதாண்ணே பாத்துச் சொல்லணும். வேற யாரக் கேக்கன்னு தெரியல."

நான் கடையில் ஒருவருக்குப் பாத்ரூம் தரைக்குப் போடும் டைல்ஸையும் சுவருக்கு ஒட்டும் டைல்ஸையும் விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த அவசரத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். படத்தின் கதை என்ன என்று பிறகுதான் விசாரித்தேன். கேட்டுவிட்டு, உன்னைப் போலவே முதலில் தனியாக மேட்னிக்குப் போனேன்.

படத்தில் ஒரு வீடு. அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் பிள்ளை. அம்மா செத்துப்போகிறாள். வீடு தலைகீழாகிறது. பிறகு ஒருநாள் அம்மா திரும்பி வருகிறாள். பிள்ளையின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறாள். டிபன் பாக்ஸ் கட்டுகிறாள், யூனிபார்மைக் காயப்போடுகிறாள், அப்பா தொலைத்த சாவியை எடுத்து வைக்கிறாள். கடைசியில் அவளை அழைத்துப் போக வெளிச்சம் ஒன்று வருகிறது. அவள், என் வீட்டைவிட்டு எங்கும் வரமாட்டேன் என்று கதவைச் சாத்திவிடுகிறாள். தியேட்டரே எழுந்து நின்று கைதட்டுகிறது.

நானும் தட்டினேன், ஹெப்சி. இரண்டாம் பாதி முழுக்க அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் படத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், தண்ணி குடிக்கிறீங்களா?" என்று பாட்டிலை நீட்டினார். இப்படிப்பட்டவன் போய்ப் படத்தைப் பற்றி என்ன தீர்ப்புச் சொல்வது?

சபை மூப்பர் தங்கராஜ் அண்ணன் படம் பார்க்காமலே சொல்லிவிட்டார். "தம்பி, செத்தவுக ஆவி வீட்டுக்கு வாரதெல்லாம் வேதத்துக்கு விரோதம். பிள்ளைக மனசுல அது பதிஞ்சிறக் கூடாது. வேணாம்னு ஒத்த வார்த்தையில சொல்லி விட்ருங்க." அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நானும் அதைத்தான் நம்புகிறேன்.

ஆனால் என் பயம் வேதத்தைப் பற்றியது இல்லை, நம் பிள்ளையைப் பற்றியது. படத்தைப் பார்த்துவிட்டு வந்து ரூத் அடுப்படி வாசலில் உனக்காகக் காத்து நின்றால் நான் என்ன செய்வேன்? இன்றைக்கு வரவில்லை, நாளைக்கு வருவாள் என்று தினமும் நின்றால்? சபைப் பிள்ளைகளுக்கு எப்படியோ, இவளுக்கு இந்தப் படம் ஆகாது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அவளிடம் அதைச் சொன்னேன். கோபப்படுவாள் என்று பார்த்தால், தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"க்ளாஸ்ல எல்லாரும் அந்தப் படத்தத்தான் பேசுறாங்கப்பா. நான் போனதும் டக்குன்னு நிப்பாட்டிர்றாங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? நான் பாத்துட்டேன்னா அவங்க நிப்பாட்ட வேணாம்ல?"

இதற்கு என்ன பதில் சொல்வாய் நீ? அந்தச் சனிக்கிழமையே கூட்டிக்கொண்டு போனேன்.

இரண்டாம் தடவை நான் திரையைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சாகும் இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா திரும்பி வந்ததும் கையை விட்டுவிட்டாள். அதன் பிறகு அவள் முகத்தில் இருந்தது அழுகை இல்லை. கணக்கு தப்பாக வரும்போது நெற்றியைச் சுருக்குவாளே, அந்த முகம். எல்லாரும் கைதட்டியபோது இவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும்போது மழை. கோரிப்பாளையத்தில் பாலம் வேலை நடப்பதால் பஸ் நின்றது நின்றபடி இருந்தது. கேட்கப் பயந்துகொண்டு நான் ஜன்னலையே பார்த்தேன். அவளே ஆரம்பித்தாள்.

"என்னப்பா படம் இது?"

"ஏன்டா, நல்லா இல்லியா?"

"அந்தப் பிள்ளைக்கு ஒரு டிபன் பாக்ஸ் கட்டத் தெரியாதா? அதுக்கும் செத்துப்போன அம்மாதான் வரணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"அம்மாவ அடக்கம் பண்ணுன அன்னைக்கு நம்ம சர்ச் ஐயர் என்ன சொன்னாரு? இனி அம்மாவுக்கு வலி இல்ல, வேல இல்ல, இளைப்பாறுறாங்கன்னு சொன்னாருல்ல? நான் அதத்தான் நம்பிக்கிட்டு இருக்கேன். இதுல அந்தம்மா செத்தும் துணி காயப்போடுது. எல்லாரும் கைதட்டுறாங்க. பாவம்ப்பா அது."

முன் சீட்டில் இருந்த அம்மா ஒருத்தி திரும்பி இவளைப் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"நீங்களும் அப்படித்தான்."

"நானா?"

"தெனம் அடுப்படில நின்னுக்கிட்டு, ‘ஹெப்சி, சீரகத்த எங்க வச்ச’ங்கிறீங்கல்ல. நான் ஹால்ல இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். வண்டிச் சாவியக் காணோம்னாலும் அம்மா, கேஸ் புக்கக் காணோம்னாலும் அம்மா. அம்மாவ விடுங்கப்பா. சீரகம் நீல மூடி டப்பாவுல இருக்கு."

சொல்லி முடித்ததும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். தியேட்டரில் ஒரு சொட்டு விடாதவள், பஸ் மாட்டுத்தாவணி தாண்டுகிறவரை அழுதாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தேன். நானும் அழுதேன். கண்டக்டர் எங்களைத் தாண்டிப் போய்விட்டார், டிக்கெட் கேட்கவில்லை. இறங்கும்போதுதான் எடுத்தேன்.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து யோசித்தேன். தியேட்டரில் நான் எதற்கு அப்படி அழுதேன்? உன்மேல் வைத்த ஆசைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த டிபன் பாக்ஸைப் பார்த்துத்தான் முதல் கண்ணீர் வந்தது. நீ வந்தால் வீடு நடந்துவிடும் என்கிற நினைப்பு அது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கும் அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு, "ரசம் மட்டும் வச்சிர்றேங்க, அப்பறம் படுக்குறேன்" என்று நின்றவள் நீ. உனக்குக் கிடைத்த ஓய்வு சவப்பெட்டிக்குள் போன பிறகு கிடைத்ததுதான். அதிலிருந்தும் உன்னை எழுப்பிக் கூட்டி வரும் படத்துக்கு நான் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறேன்.

பிள்ளைக்கு ஆகுமா, ஆகாதா என்று அவ்வளவு பயந்தேனே. அவள் ஐயர் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஆகாதது எனக்குத்தான் போலிருக்கிறது.

பிறகு குழுவில் பேசினேன். உன்னைப் போலக் கோர்வையாக வரவில்லை, இரண்டு தடவை அழித்துவிட்டுப் பேசினேன். "படத்துல ஆவி வருது. செத்தவுக அப்படி வாரதில்லன்னு வீட்ல சொல்லிக்குடுங்க, பிள்ளைகளுக்குப் புரியும். எனக்குப் பட்ட கொறை வேற. அம்மான்னா செத்த பெறகும் வேல செஞ்சுக்கிட்டே இருக்கணும்னு அந்தப் படம் சொல்லுது. அதையும் பிள்ளைககிட்டப் பேசணும். கூட்டிட்டுப் போங்க, ஆனா அப்பாமாரும் வரணும். அன்னைக்கு வீட்டுக்கு வந்து பாத்திரத்த அவுகதான் கழுவணும்."

கலா உடனே பதில் போட்டாள். "அக்கா பேசுன மாதிரியே இருக்குண்ணே. எங்க வீட்டுக்காரருக்கு இப்பவே தலவலி வந்துருச்சு." மூப்பர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டுவிட்டார், நீல டிக் தெரிகிறது.

நான் சொன்னது சரிதானா, ஹெப்சி? நீயாக இருந்தால் இந்தப் படமே வேண்டாம் என்றிருப்பாயா? தாயில்லாத பிள்ளை வேறு யாராவது அந்தக் கூட்டத்தில் இருந்தால், அது ரூத் மாதிரி நினைக்கும் என்று என்ன நிச்சயம்? போகிற அன்று நானும் கூடப் போகிறேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். அது மட்டும்தான் இப்போதைக்கு எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று மட்டும் வாக்காகத் தருகிறேன். இனிமேல் சீரகத்துக்கும் சாவிக்கும் உன்னைக் கூப்பிடமாட்டேன். தேடி எடுத்துக்கொள்கிறேன். கிடைக்காத அன்றைக்கு சீரகம் இல்லாத ரசத்தைக் குடித்துவிட்டுப் போகிறோம். ஆனால் உன் பெயரைச் சொல்லாமல் இருக்க என்னால் ஆகாது. அடுப்படியிலிருந்து என் குரல் எப்போதாவது கேட்டால், அது வேலைக்கு இல்லை. சும்மா ஒருதரம் சொல்லிப் பார்ப்பேன், அவ்வளவுதான். நீ எழுந்து வராதே.

இன்றைக்கும் உன் வீட்டுக்காரன்,
ரூத்தின் அப்பா