நான் திருத்திய மதிப்பெண்

அன்பு மகளுக்கு,

போனில் சொன்னால் நீ உடனே "பரவால்லப்பா" என்றுவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பிள்ளையார்பாளையம் இல்லத்தில் இருக்கும் நீங்கள் ஐந்து பேரும், உங்களைக் கவனித்துக்கொள்ளும் ஆளை நீங்களே கேள்வி கேட்டு, மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுத்தீர்கள். அதைக் கூட்டிச் சொல்வது மட்டுமே என் வேலை. சுகந்தி என் பழைய மாணவி. தேர்வுக்கு வந்ததும் என் காலைத் தொட்டு வணங்கினாள். அவளுக்கு நீ பத்துக்கு இரண்டு போட்டிருந்தாய். புரியாமல் போட்டுவிட்டாய் என்று நினைத்து அதை எட்டாக்கினேன். உங்களுக்குப் பிடித்த பூவம்மாளுக்கு அதனால்தான் வேலை கிடைக்கவில்லை.

முப்பத்தைந்து வருடம் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். தேறாத பிள்ளைக்கு இரண்டு மதிப்பெண் கூட்டிப் போட்டதுண்டு. எந்தப் பிள்ளையின் விடையையும் அழித்துவிட்டு என் விடையை எழுதியதில்லை. பெற்ற மகளிடம்தான் அதைச் செய்தேன்.

நேற்று சுகந்தி உன்னைக் குளிக்கக் கூப்பிட்டபோது நீ சக்கர நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாய். அதைப் பார்த்த பிறகுதான் ஏன் இரண்டு என்று கேட்டேன்.

"அந்தக்கா என்னப் பாக்கவே இல்லப்பா. எனக்குத் தோசை புடிக்குமான்னு உன்னக் கேட்டாங்க. நீயும் பதில் சொல்லிக்கினு இருந்த. நான் பக்கத்துலதான குந்திக்கினு இருந்தேன்?"

இன்று காலை இல்லப் பொறுப்பாளரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். சுகந்தியிடமும் நானே சொன்னேன், அழுதாள். வியாழக்கிழமை மறுபடியும் தேர்வு. கூட்டிச் சொல்ல வேறு ஆள் வருவார். நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். யாரைத் தேர்ந்தெடுத்தாய் என்று நீயாகச் சொல்லும்வரை கேட்கவும் மாட்டேன்.

தலைகுனிந்து,
உன் அப்பா