குற்றம் செய்யாதவனுக்கு ஓர் ஆங்கிலச் சொல்

10-6-2025, செவ்வாய். ஆவடி

காலை ஜெபம் முடித்து எழுந்தபோது வாசலில் கைக்குழந்தையோடு ஒரு பெண். "மாமா, நான் அருள்செல்வி. ஜாபஸோட ஒய்ஃப்." ஆறாண்டுகளாக முகம் காட்டாத என் மகனுக்கு மனைவி உண்டென்பதே இன்றுதான் தெரிந்தது.

அவள் நீட்டிய நகலில் என் கையெழுத்து. 2019இல் காவல் நிலையத்திற்கு நானே எழுதிய மனு: "என் மகன் இதுவரை குற்றம் செய்தவன் அல்லன், ஆயினும் வருங்காலக் குற்றவாளி. கண்காணிக்க வேண்டுகிறேன்." அவன் கட்டிலுக்கடியில் நண்பன் ஒருவனின் கத்தியைக் கண்ட அன்று எழுதியது. மறுநாள் வீட்டை விட்டுப் போனான்.

இப்போது அவனுக்குக் கத்தாரில் வெல்டர் வேலை வந்திருக்கிறது; காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்கு அந்த மனு குறுக்கே நிற்கிறது. எழுதியவரே ஆங்கிலத்தில் பெயர்த்துக் கையொப்பமிட்டால் நிறுவனத்தார் பரிசீலிப்பார்களாம்.

"அவன் வரவில்லையா, அம்மா?"

"ஹோசூர்ல இருக்காரு. நான் வந்ததே அவருக்குத் தெரியாது மாமா."

குழந்தைக்கு அவன் நெற்றி.

12-6, வியாழன்

'வருங்காலக் குற்றவாளி'க்கு ஆங்கிலச் சொல் தேடுகிறேன். 'சஸ்பெக்ட்' என்றால் நடந்த குற்றம் ஒன்று வேண்டும். 'அக்யூஸ்ட்' என்றாலும் அப்படியே. பழஞ்செய்யுள்களில் கள்வனுக்கு எத்தனை பெயர்கள்! நாளைக் கள்வனுக்கு எந்தப் புலவரும் பெயர் வைத்ததாக நினைவில்லை. நான் வைத்தேன்.

13-6, வெள்ளி

அடுத்த வீட்டு ஏகாம்பரத்திடம் கேட்டேன். தொழிற்சாலை அலுவலகத்தில் முப்பதாண்டு ஆங்கிலக் கடிதம் தட்டச்சு செய்தவர்.

"இன்னா வாத்யாரே! லேட்டா வந்தவனுக்கு மெமோ அடிச்சிகீறேன், வராதவனுக்கும் அடிச்சிகீறேன். நாளைக்கு லேட்டா வரப்போறவனுக்கு எவன் மெமோ குடுப்பான்?"

யாருக்கென்று சொன்னேன். சிரிப்பு நின்றது.

"நம்ம ஜாபஸுக்கா? 'நாட்டி பாய்'னு போட்டுடு வாத்யாரே. எவன் வந்து பாக்கப் போறான்?"

14-6

மழை. ஒரு வரியும் எழுதவில்லை. சிறுவயதில் ஜாபஸ் என்னைத் தெருப்பிள்ளைகளைப் போல 'நைனா' என்றழைப்பான். 'அப்பா என்று சொல்' என்று எத்தனை முறை திருத்தியிருப்பேன்!

15-6, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் எழுதி முடித்தேன். எழுதியதை மாற்றிப் பெயர்ப்பது பொய். 'பொட்டென்ஷியல் கிரிமினல்' என்றே இட்டேன். கீழே, என் சொந்தப் பொறுப்பில், இரண்டு வரி: "இவன் எக்குற்றமும் செய்யவில்லை. அச்சத்தால் இச்சொல்லை எழுதியவன் நான், பிழை செய்தேன்."

டேய் ஜாபஸ், எங்கடா இருக்க — ஒரு தடவ வந்துட்டுப் போயேன்டா.

2-7, புதன்

வேலை உறுதியாயிற்று என்று அருள்செல்வி தொலைபேசியில் சொன்னாள். அவன் பேசவில்லை. பின்னால் ஓர் இருமல் கேட்டது. அவனாக இருக்குமோ?

20-7, ஞாயிறு

விமான நிலையம் போகும் வழியில் ஜாபஸ் சென்னீர்குப்பம் நிறுத்தத்தில் இறங்குவதாக அருள்செல்வியிடமிருந்து செய்தி. ஆராதனைக்குப் போகவில்லை. ஒரு மணி நேரம் முன்பே தேநீர்க் கடையருகே நின்றேன்.

பேருந்திலிருந்து இறங்கிப் பெட்டியைக் கீழே வைத்தான்.

"இன்னா நைனா, இப்டி எளச்சிகீற?"

திருத்தவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.